தில்லை அண்ணை வாசித்த கடைசிப் பெயர்

சாவுச் செய்தி எனக்கு எப்போதும் வேலையாகத்தான் வந்து சேரும். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கலியாண அழைப்பிதழும் நாட்காட்டியும் மரண அறிவித்தலும் அடித்துக் கொடுக்கிற சின்ன அச்சகம் என்னுடையது. ஒரு கை தொலைபேசியை எடுக்கும்போதே மறு கை பேனாவைத் தேடும். சென்ற மாதம் ஒரு காலை புறநகரான ஸ்தேனிலிருந்து சறோ அக்கா பேசினார். "தம்பி, ஒரு அறிவித்தல் அடிக்க வேணும்" என்றார். "ஆருக்கு அக்கா?" என்று கேட்டேன். "இவருக்குத்தான்" என்றார். நான் தாளில் 'இவர்' என்று எழுதிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

தில்லையம்பலம் அண்ணை போய்விட்டார். பழைய ஆட்களுக்கு அவரைத் தெரியும். சறோ அக்காவின் கணவர். என் அச்சகத்தில் பல வருடம் தாள் வெட்டும் இயந்திரத்தில் நின்றவர். 2009க்குப் பிறகு பாரிசை விட்டு ஒரு பிரெஞ்சுக் குக்கிராமத்துக்குப் போய்த் தனியே இருந்தவர். அவரைத் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலரில் தேவாரத்துக்கும் குடும்பப் படத்துக்கும் நடுவே ஒரு கட்டுரை வேண்டும் என்று சறோ அக்கா கேட்டார். "உள்ளதை எழுது, புளுகாதை" என்றும் சொன்னார். ஆகவே, எல்லோருடனும் அன்பாகப் பழகினார் என்று நான் மற்றவர்களுக்கு வழக்கமாக எழுதிக் கொடுக்கும் வரி இதில் இல்லை. அண்ணை எல்லோருடனும் அன்பாகப் பழகவும் இல்லை.

அன்று சறோ அக்கா ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறப்பிடம், வதிவிடம், தாய் தகப்பன் பெயர், எல்லாம் வந்தது. பிறகு பிள்ளைகள். எங்கள் அறிவித்தல்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருக்கும் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வாழும் இடத்தின் பெயர் வரும்: கனடா, சுவிஸ், ஜேர்மனி என்று. இறந்துபோன பிள்ளையின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல் வரும். மூன்றாவது வகை ஒன்று எங்களிடம் இல்லை. "ரமணன், லண்டன்" என்றார். "சுகந்தியை இப்ப விடு. பேந்து சொல்லுறன்" என்றார். நான் அந்த வரியில் ஒரு இடைவெளி விட்டேன்.

அண்ணை வேலைக்கு வந்த நாட்களில் அவர் வாசிக்காமல் எந்த அறிவித்தலும் எங்கள் அச்சகத்தில் இயந்திரத்துக்குப் போனதில்லை. அது அவருடைய வேலையே அல்ல, அவர் தாள் வெட்டுகிறவர். ஆனால் நான் அடித்து முடித்ததும் முதல் பிரதியைக் கையில் எடுத்து, நிமிர்ந்து நின்று, சத்தமாக வாசிப்பார். பக்கத்துப் புடவைக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இண்டைக்கு ஆர்?" என்று கேட்கும் அளவுக்குச் சத்தம். "ஏன் அண்ணை, மனதுக்குள் வாசித்தால் ஆகாதா?" என்று நான் சீண்டுவேன். "கண் பிழையை மன்னிச்சு விட்டிடும். காது விடாது" என்பார்.

ஒரு முறை அவர் காய்ச்சலென்று வராத நாளில் வல்லிபுரம் என்ற பெயர் வள்ளிபுரம் என்று அச்சாகிவிட்டது. செத்தவரின் வீட்டுக்காரரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலை வேலைக்கு வரும் வழியில் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருந்ததைக் கண்டுவிட்டு, மழைக்குள் கடை கடையாக ஏறி இறங்கி எல்லாவற்றையும் உரித்துக்கொண்டு வந்தார். நனைந்த தாள்களை என் மேசையில் போட்டார். ஒரு எழுத்துத்தானே என்றேன். "செத்தவையின்ரை பேரிலை பிழை விடக்கூடாது தம்பி. திருத்த அவை வரமாட்டினம்" என்றார். அன்றைக்கு வேறு வேலை பார்க்கவில்லை. திரும்ப அடித்து அவரே கொண்டுபோய் ஒட்டிவிட்டு வந்தார்.

சுகந்தி அவருடைய மூத்த பிள்ளை. குடும்பத்தை இங்கே கூப்பிட அனுமதி வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது தாண்டியிருந்ததால் அதில் அவளைச் சேர்க்கவில்லை. தாயும் தம்பியும் விமானம் ஏறினார்கள். அவள் கிளிநொச்சியில் சித்தி வீட்டில் நின்று, பாலர் பாடசாலையில் படிப்பிக்கப் போனாள். பிறகு கூப்பிடலாம், பிறகு கூப்பிடலாம் என்று வருடங்கள் போயின. 2009இன் தொடக்கத்தில் ஒரு நாள் அண்ணையின் கைத்தொலைபேசிக்கு அவளுடைய அழைப்பு வந்தது. அச்சகத்தில் நான் பக்கத்தில் நின்றேன். சனத்தோடு சனமாகக் கடற்கரைப் பக்கம் போவதாகச் சொல்லியிருக்கிறாள். பின்னால் ஒரே இரைச்சல். "அப்பா, சத்தமாக் கதையுங்கோ, கேக்கேல்லை" என்றாளாம். அவர் சத்தமாகக் கதைத்தார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கதைத்தார். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

வைகாசியில் போர் முடிந்த பிறகு அவளைப் பற்றி ஒன்றும் இல்லை. முகாம்களில் பெயர் இல்லை, ஆஸ்பத்திரிகளில் இல்லை. கண்டோம் என்று வந்தவர்கள் சொன்னது ஒன்றோடொன்று பொருந்தவில்லை. லா சப்பலில் அந்தக் காலம் எப்படி இருந்தது என்று இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மரக்கறிக் கடையிலும் மெற்றோ வாசலிலும் ஒரே கேள்விதான்: "மகளின்ரை பாடு ஏதும் தெரிஞ்சுதே?" கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல, ஆனால் ஒரு மனிதன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இல்லை என்று சொல்வது? அச்சகத்திலோ அறிவித்தல்கள் குவிந்தன. ஒரே குடும்பத்தில் பல பெயர்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் அதே சொல். எல்லாவற்றையும் அண்ணை நின்றபடி வாசித்தார். ஒரு நாள் பாதியில் தாளை வைத்துவிட்டார். "தம்பி, எனக்கு இனி இந்தச் சொல்லை வாசிக்கேலாது" என்றார். அந்த வருட இலையுதிர்காலத்தில் சென் சில்வான் என்ற அந்தக் குக்கிராமத்துக்குப் போனார்.

சென் சில்வான் அவருக்குப் புதிய இடமல்ல. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்களில் அரசாங்கம் அவரை அங்கே ஒரு விடுதியில்தான் தங்கவைத்தது. இந்தக் காட்டிலிருந்து எப்போது தப்புவேன் என்று அப்போது தொலைபேசியில் அழுதவர், இப்போது தானாகவே அங்கு போனார். பாரிசின் ஒஸ்தர்லிஸ் நிலையத்தில் ரயிலேறி, க்ரூஸ் மாவட்டத்தில் இறங்கி, பிறகு யாரையாவது காருக்குக் கெஞ்ச வேண்டும். கருங்கல் வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும். பள்ளிக்கூடம் மூடிவிட்டது, கபே மூடிவிட்டது, தேவாலயத்தைச் சாவுக்கு மட்டும் திறக்கிறார்கள். கடை கிடையாது. ரொட்டி விற்கும் பாண்காரி வான் வண்டியில் வந்து ஹோர்ன் அடிப்பாள், கிழவர்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். சுற்றிவரச் செம்பழுப்பு மாடுகள், கஷ்கொட்டைக் காடு, பனி மூடிய குளங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டைக்காரரின் வெடிச்சத்தம் கேட்கும். "முதல் வருசம் கட்டிலுக்குக் கீழை போனனான்" என்று அண்ணை சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ஊராட்சியான கொம்யூன் அவருக்குப் பழைய பள்ளி ஆசிரியரின் வீட்டைக் கொடுத்தது. பதிலுக்கு அவர் வீதியோரப் புல்லை வெட்ட வேண்டும், கல்லறைகள் இருக்கும் சேமக்காலையைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஆட்கள் சும்மா இருப்பார்களா? சில்வான் என்ற பெயரை எடுத்துக்கொண்டு, "தில்லை அண்ணை சிலோனுக்குப் போட்டார்" என்று பகிடி விட்டார்கள். நான் அதைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "இஞ்சை ஆரும் என்னை ஒண்டும் கேக்கிறேல்லை. அது காணும்" என்றார். சறோ அக்கா கூடப் போகவில்லை. பிள்ளை தேடி வந்தால் தெரிந்த விலாசத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று ஸ்தேனிலேயே இருந்தார். காணாமல் போனவர்களுக்காகப் பாரிசில் எங்கே கூட்டம் நடந்தாலும் சுகந்தியின் படத்தைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நிற்பார். சண்டை என்று ஒன்றும் இல்லை. ஒருவர் காத்திருந்தார், மற்றவர் காத்திருப்பதைப் பார்க்க முடியாமல் விலகி இருந்தார்.

எந்தப் பிரெஞ்சுக் கிராமத்தையும் போல அங்கேயும் மேயர் அலுவலகத்தின் முன்னால் முதலாம் உலகப்போரில் செத்தவர்களின் பெயர் வெட்டிய கல் நிற்கிறது. ஊரில் இன்று இருக்கும் ஆட்களை விடக் கல்லில் இருக்கும் பெயர்கள் அதிகம். போன புதிதிலேயே அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, இந்தக் கல்லிலை ஒரு பிழை இருக்கு" என்றார். பெயர்கள் அகரவரிசையில் ஒழுங்காக இறங்கி வர, எல்லாவற்றுக்கும் கீழே, பிரெஞ்சின் முதல் எழுத்தான A-யில் தொடங்கும் ஒரு பெயர்: ஓபேர் எமில். அதைப் போய் மேயரிடம் சொல்லியும் இருக்கிறார். மேயர் ஜினெத் மாடு வளர்க்கிற வயதான பெண்மணி. அது பிழையல்ல என்று விளக்கினாராம். எமிலின் உடல் கிடைக்கவில்லை. தாய் தன் மகன் வருவான் என்று சொல்லி, பெயரை வெட்ட விடவில்லை. தாய் செத்த பிறகுதான் வெட்டினார்கள், அப்போது கீழேதான் இடம் இருந்தது. இதைச் சொன்ன பிறகும் அண்ணை போனை வைக்கவில்லை. நானும் போனை வைக்கவில்லை.

போர் நின்ற நாளை அவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் நினைவுகூருவார்கள். ஒருவர் கல்லில் உள்ள பெயர்களை வாசிக்க, நிற்பவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே குரலில் 'மோர் பூர் லா ப்ரான்ஸ்' என்று பதில் சொல்வார்கள். பிரான்சுக்காக இறந்தவர் என்று பொருள். மற்ற ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பார்கள். அங்கே பிள்ளைகள் இல்லை. ஜினெத்துக்குக் கண் மங்கத் தொடங்கியபோது அண்ணையைக் கேட்டார். ஒவ்வொரு நவம்பர் வாசிப்புக்கும் முந்திய வாரமெல்லாம் அண்ணை தொலைபேசியில் எனக்குப் பெயர்களை வாசித்துக் காட்டுவார். நான் உச்சரிப்பைத் திருத்துவேன், என் பிரெஞ்சும் லா சப்பல் பிரெஞ்சுதான். "ஒரே வீட்டிலை நாலு பேர் தம்பி. நூறு வருசமாகியும் இந்த ஊர் நிரம்பேல்லை. எங்கடை எப்ப நிரம்பும்?" என்று ஒரு நாள் கேட்டார். நான் அடுத்த பெயரை வாசிக்கச் சொன்னேன்.

அப்படிச் சில வருடங்கள் வாசித்த பிறகு, ஒரு நவம்பரில் எங்களைக் கூப்பிட்டார். "ஒருக்கா வந்து பார், நான் வாசிக்கிறதை" என்று சறோ அக்காவிடம் கேட்டாராம். அக்கா கத்தரிக்காய்க் குழம்பும் இடியப்பமும் கட்டிக்கொண்டு என்னோடு ரயிலேறினார். வழியெல்லாம் நல்ல கலகலப்பு. மனிசன் மெலிஞ்சிருப்பார், குளிருக்குத் தொப்பி போடமாட்டார் என்று குறை சொல்லிக்கொண்டே வந்தார். கல்லடியில் பனிமூட்டம். கோட்டுப் போட்ட கிழவர்களும் கிழவிகளும் ஒரு சிறு வட்டமாக நின்றார்கள். அண்ணை எங்கள் அச்சகத்தில் நின்றதுபோலவே நிமிர்ந்து நின்று வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது. கடைசியாக ஓபேர் எமில், அதற்கும் பதில் வந்தது.

அவர் தாளை மடிக்கவில்லை. தாளைப் பார்க்கவும் இல்லை. "தில்லையம்பலம் சுகந்தி" என்றார், ஒரு எழுத்தும் கெடாமல், சத்தமாக. வட்டத்தில் நின்றவர்களுக்கு அது யாரென்று தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது பழக்கம் ஒன்றுதான். எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், "மோர் பூர் லா ப்ரான்ஸ்."

சறோ அக்காவுக்குப் பிரெஞ்சு அதிகம் வராது. ஆனால் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தவர். செத்தவர் என்று பொருள்படும் 'மோர்' என்ற அந்த முதல் சொல் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் கத்தவில்லை. என் பக்கம் திரும்பி, "என்ரை பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டார்" என்றார். நேரே வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். குழம்புப் பெட்டி திறக்காமலே மேசையில் இருந்தது. அண்ணை வாசலில் நின்று, "சறோ, நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் கூட்டிக்கொண்டு பாரிசுக்கு வந்தேன்.

மறுநாள் அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அவளின்ரை பேரை எங்கையாவது ஒருக்கா சத்தமா வாசிக்க வேணும் போலை இருந்தது தம்பி. சத்தமாக் கதையுங்கோ எண்டுதானே கேட்டவள். செத்தவள் எண்டு நான் சொல்லேல்லை. அவையள் பதில் சொல்லுவினம் எண்டதை நான் யோசிக்கேல்லை" என்றார். அறிவித்தல் அறிவித்தலாக வாசித்துத் தள்ளிய மனிதர், எந்தப் பெயருக்கு எந்தச் சொல் வரும் என்று எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவர், தன் பிள்ளையின் பெயருக்கு என்ன பதில் வரும் என்று யோசிக்கவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

பிறகு அவர் வாசிக்கவில்லை. விஷயம் அறிந்த ஜினெத், கல்லுக்குப் பக்கத்தில் சுகந்தியின் பெயரோடு சின்னப் பலகை ஒன்று வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அதற்கும் அண்ணை மறுத்துவிட்டார். "வெட்டி வைச்சால் முடிஞ்சுது. வெட்டாட்டில் அவள் ஒரு இடத்திலையும் இல்லை. நான் என்ன செய்ய?" என்று என்னைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சறோ அக்காவுக்குத் தொலைபேசி எடுப்பார். அது அடித்து அடித்து ஓயும். பிறகு எனக்கு எடுத்து, "அக்கா சுகமாய் இருக்கிறாவே?" என்று கேட்பார். அவ்வளவுதான் கதை. குரல் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டு போனது. கடைசி வருடங்களில் நான்தான் "அண்ணை, சத்தமாகக் கதையுங்கோ" என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

பாண்காரி ஹோர்ன் அடித்ததும் முதலில் வெளியே வருகிறவர் அவர்தானாம். அன்று வரவில்லை என்று அவள் இறங்கிப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். நாற்காலியிலேயே இருந்திருக்கிறார். ஜினெத் சறோ அக்காவுக்குச் சொல்ல, சறோ அக்கா எனக்குச் சொன்னார், அறிவித்தல் அடிக்க வேணும் என்று.

மறுநாள் நாங்கள் இருவரும் சென் சில்வானுக்குப் போனோம். லண்டனிலிருந்து ரமணன் வந்து சேர இன்னும் நேரமிருந்தது. சறோ அக்கா அந்த வீட்டுக்குள் இரண்டாவது முறையாகக் கால் வைத்தார். அலுமாரித் தட்டில், அன்று விட்டுப்போன குழம்புப் பெட்டி கழுவித் துடைத்து மூடியோடு இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜினெத் வந்து அவர் கையைப் பிடித்தார். "அன்று நாங்கள் பழக்கத்தில் சொல்லிவிட்டோம். பிழை எங்களுடையது, அவருடையது அல்ல. அதன்பிறகு அவரைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை" என்றார். பிறகு, கல்லைக் காட்டி, எமிலின் தாயின் கதையையும் சொன்னார். நான் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். சறோ அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வரும்போது ரயிலில் அவர்தான் பேச்சை எடுத்தார்.

"தம்பி, அந்த அறிவித்தல்."

"ஓம் அக்கா."

"சுகந்திக்கு முன்னாலை அந்தச் சொல்லைப் போடு."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். "யோசிச்சுச் சொல்லுங்கோ அக்கா. அவசரமில்லை" என்றேன்.

"யோசிச்சிட்டன். இவ்வளவு வருசமும் இவர் இஞ்சை தனிய இருந்திட்டார், நான் வரேல்லை. இனிப் போற இடத்திலையும் தனிய விடேலுமே? பிள்ளை அங்கை நிக்கட்டும்." கொஞ்ச நேரம் வெளியே மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எமிலின்ரை தாய் சாகுமட்டும் விடேல்லை. நான் விட்டிட்டன்" என்றார். குழம்புப் பெட்டி அப்போதும் அவர் மடியில்தான் இருந்தது.

அச்சகத்துக்கு வந்து அந்த இடைவெளியை நிரப்பினேன். இந்தத் தெருவில் எத்தனையோ பெயர்களுக்கு முன்னால் அந்தச் சொல்லை அடித்தவன் நான். இம்முறை எழுத்து எழுத்தாக அடித்தேன். முதல் பிரதியை எடுத்து, அண்ணை நின்ற இடத்தில் நிமிர்ந்து நின்று, சத்தமாக வாசித்தேன். "காலஞ்சென்ற சுகந்தி, ரமணன் (லண்டன்) ஆகியோரின் பாசமிகு தந்தையும்..." புடவைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் தெருவில் கண்டவர்கள், "அப்ப மகளின்ரை பாடு தெரிஞ்சிட்டுதே?" என்று என்னைக் கேட்டார்கள்.

அண்ணை எனக்கு விட்டுப்போனது அந்தப் பழக்கமும் அந்த ஒரு வாக்கியமும்தான். இனி இந்த அச்சகம் இருக்கும்வரை எந்தப் பெயரும் வாய்விட்டு வாசிக்காமல் அச்சுக்குப் போகாது. செத்தவர்களின் பெயரில் பிழை விடக்கூடாது, திருத்த அவர்கள் வரமாட்டார்கள். இதுவரை அடித்த ஒவ்வொரு அறிவித்தலிலும் பிழை இருந்துவிடுமோ என்றுதான் பயந்திருக்கிறேன். இந்த ஒன்றில் பிழை இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, அதையும் மறைக்கவில்லை. சுகந்தி, உன் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைப் போட்டிருக்கிறோம். பிழையென்றால் நீ வந்து திருத்து, பிள்ளை.